பயந்துபோன நாய்க்கு ஓர் இடைத்தங்கல்: வன்னியில் முதன்முறையாகப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

தெருவில் ஒரு நாயைக் கண்டு இரக்கப்பட்டால், முதலில் குனியாதீர்கள். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த நாய்க்கு மனிதர் குனிவதன் பொருள் ஒன்றுதான்: கல் எடுக்கிறார்கள். நீங்கள் பிஸ்கற் போடத்தான் குனிந்தீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஏ-9 வீதியோரத்தில் மெலிந்து கிடக்கும் நாயைக் கூப்பிட்டபடி குனிந்து, அது வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடியதும் "இது ஒருத்தருக்கும் கிட்ட வராது" என்று கைவிட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்து போகும்போதே சாப்பாட்டைக் கையில் வைத்திருங்கள். நின்றபடியே, நாயின் கண்ணைப் பார்க்காமல், ஒரு பக்கமாகத் திரும்பிப் போட்டுவிட்டு நடந்துவிடுங்கள். அடுத்த நாளும் அதே நேரம், அதே இடம், அதே சட்டை என்றாலும் நல்லதுதான். நான்காம் ஐந்தாம் நாள் அது உங்களை எதிர்பார்த்து நிற்கும். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சின்ன வளவில் இருந்துகொண்டு, இப்படியான நாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, தேற்றி, வேறு வீடுகளில் சேர்த்து வருகிறேன். இதை நான் இடைத்தங்கல் என்றுதான் சொல்வேன். வன்னிச் சனத்துக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. 2009 இல் போர் முடிந்தபின் இடைத்தங்கல் முகாம்களில் இருந்தவர்களுக்குத் தெரியும்: வரிசையில் நின்றால் சாப்பாடு கிடைத்தது. எப்போது வெளியே போவோம், எங்கே போவோம், அதை யார் முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஒரு நாயைக் கொண்டுவந்து அறைக்குள் விடும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். சோறும் மருந்தும் கொடுப்பது பாதி வேலை. எவ்வளவு கிட்ட வருவது, எப்போது வருவது என்ற முடிவை நாயிடமே திருப்பிக் கொடுப்பது மற்றப் பாதி. புதிதாகச் செய்பவர்கள் பிழைவிடுவது அந்த இரண்டாவது பாதியில்தான்.

எடுக்க முன்னர்

அது உண்மையிலேயே ஆளில்லாத நாயா என்று பாருங்கள். எங்கள் பகுதிகளில் நாய்கள் கட்டாக்காலியாகத் திரிந்தாலும் பலவற்றுக்கு ஒரு படலை இருக்கும். பக்கத்துக் கடையில் கேளுங்கள், பால் கொண்டுபோகிறவரிடம் கேளுங்கள், கிராம சேவையாளரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். பெட்டை நாயென்றால் முலையைப் பாருங்கள். பால் கட்டியிருந்தால் எங்கோ ஒரு மதகுக்குள்ளோ பற்றைக்குள்ளோ குட்டிகள் கிடக்கின்றன. தாயை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

வீட்டில் எல்லோரும் சம்மதமா? "பிறகு சமாளிக்கலாம்" என்று கொண்டுவந்து, மாமியார் தும்புத்தடியோடு கலைக்கிற வீட்டில் எந்த நாயும் தேறாது. மூன்று மாதமாவது ஒதுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிழமையில் கொடுத்துவிடலாம் என்று எடுக்கும் நாய் பெரும்பாலும் நான்கு ஐந்து மாதம் இருக்கும். வீட்டில் வேறு நாய்கள் இருந்தால் அவற்றுக்குத் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். தவழுகிற குழந்தை இருந்தால், இந்த முறை வேண்டாம். குழந்தை வளர்ந்தபிறகு எடுக்கலாம், நாய்களுக்குக் குறைவில்லை.

இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்று ஒரு சரணாலயம் வைத்திருக்கிறது. பெரிய காரியம். ஆனாலும் மனிதரைக் கண்டு நடுங்கும் நாய் மனிதரோடு வாழப் பழக ஒரு வீடுதான் வேண்டும். சமையல் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், மோட்டார் சைக்கிள் வந்து நிற்பது எல்லாம் வீட்டில்தான் இருக்கின்றன.

பிடித்துக் கொண்டுவருவது

துரத்திப் பிடிக்காதீர்கள். கயிற்றுச் சுருக்கு எறியாதீர்கள், கம்பிச் சுருக்கு வேண்டவே வேண்டாம். வன்னிக் காட்டோரங்களில் பன்றிக்கும் முயலுக்கும் வைத்த கண்ணியில் அகப்பட்டு, இடுப்பில் கம்பி வெட்டிய காயத்தோடு வரும் நாய்கள் உண்டு. அவற்றுக்குக் கழுத்தில் கயிறு இறுகுவதே மரணம்போல. சாப்பாடு வைக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வளவுக்குள்ளோ பாடசாலைச் சைக்கிள் கொட்டிலுக்குள்ளோ நகர்த்தி, நாய் உள்ளே நிற்கும்போது படலையைச் சாத்துவதுதான் நல்ல வழி. அல்லது பெரிய மரப்பெட்டி, இரும்புக் கூடு. ஓட்டோவில் ஏற்றினால் இரு பக்கமும் படங்குச் சீலையை இறக்கிவிடச் சொல்லுங்கள். கூட்டின் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினால் நாய் பாதி அமைதியாகிவிடும்.

கடி விழுந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். தேசிக்காய், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் பூசாதீர்கள். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். கடித்த நாயை 14 நாள் கட்டுக்காவலில் வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். அதற்காக நீங்கள் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, அதை வைத்தியர் முடிவெடுப்பார். விசர் நோய் வெளிப்பட்டபிறகு மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை. ஊசியை நேரத்துக்குப் போட்டால் அந்த நோயைத் தடுக்கலாம். இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய நினைப்பவர்கள் கடிபட முன்னரே போடும் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

வாயால் நுரை ஒழுக, கீழ்த்தாடை தொங்க, குரல் மாறி, தள்ளாடித் திரியும் நாயை இரக்கப்பட்டுக்கூடத் தொடாதீர்கள். சனத்தை விலக்கிவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். நோய் உடம்புக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடியது. ஆகவே கொண்டுவந்த நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் முதல் கிழமைகளில் உங்கள் வீட்டு நாய்களோடும் பிள்ளைகளோடும் கலக்க விடாதீர்கள்.

முதல் நாள்

குளிப்பாட்டாதீர்கள்.

இதைத் தனி வரியில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் எடுத்த முதல் நாய்களில் ஒன்று கறுப்பி. உடம்பெல்லாம் சேறும் உண்ணியும். இரண்டாம் நாளே கிணற்றடியில் கட்டிவைத்துச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். துடைக்கத் துவாய் எடுக்கத் திரும்பிய நேரத்தில் பட்டியை உருவிக்கொண்டு வேலிக்குக் கீழால் போனது. மூன்று நாளுக்குப் பிறகு வாய்க்கால் கரையில் கண்டுபிடித்தோம். அதன்பிறகு வாளிச் சத்தம் கேட்டாலே நடுங்கும். அந்த ஒரு குளிப்புக்கு நான் கொடுத்த விலை நாலு மாதம். ஊத்தை நாயைக் கொல்லாது, பயம் அதை வீதிக்குத் துரத்தி லொறியில் அடிபட வைக்கும்.

முதல் நாளுக்கு வேண்டியது ஓர் ஒதுக்கிடம். தகரக் கூரைக் கொட்டில் பங்குனி சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். கிடுகு வேய்ந்த இடம், அல்லது வீட்டில் சனம் குறைவாகப் புழங்கும் ஒரு மூலை நல்லது. ஒரு பழைய மேசையைச் சுவரோடு தள்ளி, மூன்று பக்கமும் சீலை தொங்கவிட்டு, உள்ளே சாக்கும் பழைய சாறமும் விரியுங்கள். வெளியே வரும் பக்கத்தை எப்போதும் திறந்து விடுங்கள். நாய் உள்ளே கிடக்கும்போது கையை விட்டு இழுக்கக் கூடாது, பிள்ளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒருவரும் நுழையாத இடம் தனக்கு ஒன்று இருக்கிறது என்று அது நம்ப வேண்டும்.

வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். முள்ளுக்கம்பி வேலி நாய்க்கு வேலியே இல்லை. கீழ்ப்பக்கத்தில் பழைய தகரத்தையோ பனைமட்டையையோ நெருக்கிக் கட்டி, மண் தோண்டக்கூடிய இடங்களில் கல்லடுக்குங்கள். வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டி ஒன்று, நெஞ்சைச் சுற்றிப் போடும் வார் ஒன்று, இரண்டிலும் கயிறு இருக்கட்டும். பயந்த நாய் பின்பக்கமாக இழுத்துப் பட்டியை உருவும். தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் நாட்களில்தான் நடக்கிறது. நீங்கள் உணவு தரும் ஆள் என்பதுகூட அதற்கு இன்னும் தெரியாத நாட்கள் அவை.

சாப்பாடும் மருந்தும்

எலும்பு தெரியும் நாய்க்குச் சட்டி நிறையச் சோறு வைக்காதீர்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் இரத்தத்தில் பொஸ்பரஸ் போன்ற சத்துகளின் அளவு சடுதியாக இறங்கும், இதயமே நின்றுபோகலாம். ஒரு நாளுக்கு ஐந்து ஆறு தடவை, ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி. உப்பு, தூள் போடாமல் அவித்த கோழி இறைச்சி அல்லது முள்ளெடுத்த மீன், முட்டை, கொஞ்சம் குழைந்த சோறு. ஒரு கிழமைக்கு மேல் எடுத்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

கறிச் சட்டியில் மிஞ்சியதை ஊற்றிப் பிசைவது எங்கள் வழக்கம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சோயாமீற் பைக்கற்றின் சுவைத்தூளிலும் அவை பெரும்பாலும் இருக்கும். முந்திரிகைப் பழம் (திராட்சை), சொக்லேட், அவித்த கோழி எலும்பு, இவையும் வேண்டாம். காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்து நாயை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மனிதர் மருந்து எதையும் மிருக வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பெரிய காயமோ இரத்தக் கழிச்சலோ இல்லையென்றால் வைத்தியரிடம் போவதை மூன்று நாலு நாள் தள்ளலாம். இருந்தால் அன்றே. எங்கள் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாடு ஆடுதான் பெரும்பான்மை. வரிசையில் மாடு கத்த, நாய் இன்னும் பயப்படும். தொலைபேசியில் கேட்டு ஆள் குறைந்த நேரத்தில் கொண்டுபோங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படும் சிக்கலான நாய்களை யாழ்ப்பாணத்துக்கோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்கோ கொண்டுபோகிறவர்களும் உண்டு.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை: நிறை, பூச்சி மருந்து, விசர்த் தடுப்பூசி, பாவோவும் (இரத்தக் கழிச்சல் தரும் வைரஸ் நோய்) எலிக்காய்ச்சலும் சேர்ந்த தடுப்பூசி. வயல் பக்கம் இருப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நாய்க்கும் அது வரும், நாயின் சிறுநீரால் மனிதருக்கும் வரும். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். முரசு (பல் ஈறு) வெளிறியிருப்பது, சாப்பாட்டை மணந்துவிட்டு விடுவது, மூக்கால் இரத்தம் வருவது, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போவது, இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்காதீர்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றிக் குளிப்பாட்டி நாயைச் சாகடிக்காதீர்கள். புழு வைத்த காயத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அப்படித்தான். புழு செத்தாலும் கீழே உள்ள சதை வெந்துபோகும். பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் சொட்டினால் நாயோடு நாய் சேர்வதால் பரவும் கட்டியாக இருக்கலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஊசி மருந்துக்கு நன்றாகக் கேட்கும் நோய் அது.

வெறுமனே இருத்தல்

நாய் மீட்பவர்களிடம் உலகெங்கும் ஒரு கணக்கு உண்டு: மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம். மூன்று நாளில் நடுக்கம் குறையும், மூன்று கிழமையில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் அதன் உண்மையான குணம் வெளியே வரும். அது குத்துமதிப்புக் கணக்குத்தான். அடிபட்டு வளர்ந்த நாய்க்கு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்.

முதல் கிழமையில் உங்கள் வேலை பக்கத்தில் இருப்பது மட்டும். ஒரு பலகைக்கட்டையில் இருந்து பத்திரிகை வாசியுங்கள், முருங்கையிலை ஆயுங்கள், தொலைபேசியில் மெல்லக் கதையுங்கள். நாயைப் பார்க்க வேண்டாம். எழும்பிப் போகும்போது ஒரு துண்டு கோழியைப் போட்டுவிட்டுப் போங்கள். கையை நீட்டிச் சாப்பாடு காட்டி அழைப்பதை நான் விரும்புவதில்லை. பசிக்காகப் பயத்தை விழுங்கிக்கொண்டு வரும் நாய், சாப்பாடு முடிந்த அந்த நொடியில் தான் கைக்கு இவ்வளவு கிட்ட நிற்பதை உணர்ந்து கடித்துவிடும். மாறாக, "இந்த ஆள் விலகிப் போகும்போதெல்லாம் நல்லது விழுகிறது" என்று அறிந்த நாய், தானாகப் பின்னால் வரத் தொடங்கும்.

அதன் உடம்பு பேசுவதைப் படியுங்கள். சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவது, நித்திரை வராமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஒரு கால் தூக்கி உறைந்து நிற்பது, இவை எல்லாம் "கொஞ்சம் தள்ளிப்போ" என்ற சொற்கள். வாலாட்டினால் சந்தோசம் என்று நினைக்க வேண்டாம். கீழே தொங்கி விறைத்து ஆடும் வாலும் உண்டு. உறுமினால் ஏசாதீர்கள், அடிக்காதீர்கள். உறுமல் அது தரும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், எச்சரிக்காமலே கடிக்கும் நாயை நீங்கள் உருவாக்குகிறீர்கள். உறுமியதும் ஓரடி பின்னால் போங்கள். தன் சொல் கேட்கப்படுகிறது என்று தெரிந்த நாய் உறுமுவதைக் குறைத்துக்கொள்ளும்.

முதல் தடவுதல் தலையில் வேண்டாம். மேலிருந்து இறங்கும் கை அடித்த கைதான். அது தானாக வந்து முழங்காலை மணந்தால், நெஞ்சுப் பக்கமாக மூன்று எண்ணும் நேரம் தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் கிட்ட வந்தால் தொடருங்கள். அப்படியே நின்றாலோ விலகினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் "மூண்டு எண்ணிக் கையெடு" என்று ஒருவருக்கொருவர் சொல்லுமளவுக்குப் பழகிவிட்டார்கள்.

கறுப்பி பிடிபட்டு வந்தபிறகு பதினொரு நாள் மேசைக்குக் கீழேயே கிடந்தது. இரவில் எல்லோரும் படுத்தபிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். பன்னிரண்டாம் நாள் விடியப்புறம் நான் அடுப்பு மூட்டும்போது குசினி வாசலில் வந்து படுத்திருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சத்தங்கள்

வன்னியில் இதற்குத் தனியாக இடம் ஒதுக்கத்தான் வேண்டும். காட்டோரக் கிராமங்களில் இரவில் யானை வெடி. வேட்டைக்காரர் வைக்கும் பன்றி வெடி. கண்ணிவெடி அகற்றும் இடங்களில் எடுத்த வெடிபொருளை வைத்து வெடிக்க வைக்கும் முழக்கம். ஐப்பசி கார்த்திகை இடி. தீபாவளியும் கல்யாண வீட்டுச் சீனவெடியும், கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியும். எங்கள் வீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது: பெரிய சத்தம் கேட்டதும் எங்கள் முதியவர்களே திடுக்கிட்டு எழும்புகிறார்கள். நாய் வெடியை மட்டும் கேட்பதில்லை, எங்களையும் பார்க்கிறது. ஆகவே வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள். சத்தம் கேட்டவுடன் ஒருவர் எழும்பி, சாதாரணக் குரலில் ஏதாவது சொல்லி, நாய்க்கு மிகவும் பிடித்த தீனியை அது கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தூவட்டும். ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு தடவையும். சில கிழமைகளில் சத்தம் கேட்டதும் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கினால் வழி சரி.

தொலைபேசியில் வெடிச்சத்தத்தைப் பதிந்து, காதில் விழுந்தும் விழாததுமான அளவில் ஒலிக்கவிட்டுக்கொண்டு சாப்பாடு கொடுக்கலாம். நாளுக்குச் சிறிது கூட்டலாம். நாய் சாப்பிடுவதை நிறுத்தினால் நீங்கள் கூட்டியது அதிகம், பழைய அளவுக்குப் போங்கள். "அணைத்தால் பயம் கூடும்" என்று சிலர் சொல்வது பிழை. பயந்து மடிக்கு வரும் நாயைத் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிய விரும்பும் நாயை ஒளிய விடுங்கள். வெடி நாள் முன்கூட்டியே தெரிந்தால் அன்றைக்குப் பொழுதுபட முன்னரே உலாவவிட்டு, கதவு பூட்டி, காற்றாடியைப் போட்டுவிடுங்கள். சுவரில் மோதி நகம் கிழியுமளவுக்குப் பயப்படும் நாய்களுக்கு வைத்தியரிடம் மாத்திரை உண்டு. அதைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஒரு நாளில் பயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். காலையில் ஊசி, மத்தியானம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரச் சத்தம், பின்னேரம் புது விருந்தாளி என்றால், இரவு ஒரு சிறு விசயத்துக்கும் கடிக்கும். அப்படியொரு நாளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஒன்றும் புதிதாகக் கொடுக்காமல் விடுங்கள்.

ஊரோடு வாழப் பழக்குதல்

உங்கள் பழைய நாயோடு சேர்ப்பதென்றால் வளவுக்குள் நேருக்கு நேர் விடாமல், இரண்டு பேர் இரண்டு நாயையும் ஒழுங்கையில் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். சில நாளில் இடைவெளி தானாகக் குறையும். சாப்பாடு தனித்தனி இடத்தில்.

கோழி பிடிக்கும் நாய் எங்கள் ஊரில் நீண்டகாலம் வாழாது, யாராவது நஞ்சு வைப்பார்கள். ஆகவே கோழியையும் ஆட்டையும் கயிற்றோடு, தூரத்திலிருந்து பார்க்கவிட்டு, அவற்றை விட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தீனி கொடுங்கள். காட்டுப் பக்கம் அவிழ்த்து விடாதீர்கள். கண்ணி, பன்றி வெடி, புடையன், நாகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் நாய் ஓடினால், நீங்கள் பின்னால் போகவே கூடாது. வெளியே நின்று கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வரப் பழக்குவது இதற்காகவும்தான்.

கொடுக்க முன்னர் கருத்தடை செய்துவிடுங்கள். பெட்டை நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள், ஆண்டுக்கு இரண்டு தடவைகூடக் குட்டி போடலாம். அந்தக் குட்டிகளைத்தான் உரப் பையில் கட்டிச் சந்தைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதைக் கண்டவர்களுக்கு நான் வேறு சொல்லத் தேவையில்லை.

வீடு தேடுதல்

நாய் தேறிவிட்டது என்று எப்படித் தெரியும்? தெரியாத ஒருவர் வந்தால் ஒளிந்தாலும் அரை மணிநேரத்தில் திரும்பி வருகிறது, இரவில் படுத்து நித்திரை கொள்கிறது, கயிற்றோடு நடக்கிறது, உங்களைத் தவிர இன்னொருவரிடமும் சாப்பிடுகிறது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். உங்களிடம் மட்டும் ஒட்டிய நாயைக் கொடுத்தால் அது மறுபடியும் இடம்பெயர்ந்ததாகவே உணரும். ஆகவே இரண்டாம் மாதத்திலிருந்து தங்கச்சியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கொண்டு சாப்பாடு வைப்பியுங்கள்.

முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போடும்போது காயத்தோடு கிடந்த பழைய படத்தை முன்னால் போடாதீர்கள். அழுதுகொண்டு கேட்பவர்கள் பத்துப் பேர் வருவார்கள், ஒரு கிழமையில் இரக்கம் தீர்ந்துவிடும். இப்போது எப்படி இருக்கிறதோ அந்தப் படத்தைப் போட்டு, குறையை முதலில் எழுதுங்கள்: "ஹெல்மெற் போட்ட ஆண்களுக்குப் பயம். தனிய விட்டால் ஊளையிடும். பூனையோடு நல்லது." உண்மையை எழுதினால் கேட்பவர் குறைவர், வருபவர் சரியானவராக இருப்பார்.

வேட்டைக்குக் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். நாள் முழுதும் சங்கிலியில் கட்டக் கேட்பவருக்கும் வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள பெற்றோருக்குத் துணையாகக் கேட்பதுண்டு. நல்ல வீடுகள் அப்படிக் கிடைத்திருக்கின்றன. ஆனால் பணம் அனுப்புபவரோடு மட்டும் கதைத்து முடிக்காமல், நாயோடு இருக்கப்போகிறவரைப் போய்ப் பாருங்கள். அப்படி ஒரு வீட்டில் நடந்த கதை இது.

"ஐயா, இரவில இது எங்க படுக்கும்?"

"வாசல்லதான் பிள்ளை. சங்கிலியில கட்டிவிட்டால் கள்ளர் வரமாட்டாங்கள்."

"இது குலைக்கிற நாயில்லை ஐயா. ஆள் வந்தால் கட்டிலுக்குக் கீழ போயிடும். காவலுக்குத்தான் வேணுமெண்டால் இது சரிவராது."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனுசிக்குக் கால் ஏலாது. பகல் முழுக்கத் தனியத்தான் இருக்கிறா. அவவின்ர காலடியில கிடந்தாலே காணும்."

கறுப்பி இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறது. சங்கிலி வாங்கவே இல்லை.

கேட்க வேண்டிய இன்னும் சில: கொழும்புக்குப் போனால் யார் சாப்பாடு வைப்பார்? நோய் வந்தால் யார் கொண்டுபோவார்? முன்னர் வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் நான் பெரும்பாலும் முடிவெடுக்கிறேன்.

ஒப்படைத்தல்

ஒரே நாளில் ஏற்றி அனுப்பாதீர்கள். புது வீட்டார் இரண்டு மூன்று தடவை உங்கள் வளவுக்கு வந்து, முதல் கிழமையில் நீங்கள் செய்ததுபோலப் பேசாமல் இருந்து, போகும்போது தீனி போட்டுவிட்டுப் போகட்டும். பிறகு நீங்கள் நாயை அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு மணிநேரம் இருந்துவிட்டுத் திரும்புங்கள். கொடுக்கும் நாளில் அது படுத்த சாக்கையும் சாறத்தையும் தோய்க்காமல் அப்படியே கொடுங்கள், மணம் அதற்குத் துணை. தடுப்பூசி அட்டை, என்ன சாப்பிடும், எதற்குப் பயம், எந்தச் சொல்லுக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பேரை மாற்ற விரும்பினால் மாற்றட்டும், ஒரு மாதம் கழித்து.

தாளின் கீழே ஒன்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: வைத்திருக்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல், வீதியில் விடாமல், என்னிடம் திருப்பித் தர வேண்டும். இப்படித் திரும்பி வந்த நாய்கள் என்னிடம் உண்டு. திருப்பித் தந்தவர்களை நான் குறை சொன்னதில்லை. குறை சொன்னால் அடுத்தவர் திருப்பித் தராமல் பற்றைக்குள் விடுவார்.

முதல் இரவு, மூன்றாம் நாள், ஒரு கிழமை, மூன்று கிழமை என்று அழைத்துக் கேளுங்கள். நேரில் போவதை ஒரு மாதமாவது தள்ளிவையுங்கள். உங்களைக் கண்டால் நாய் மறுபடியும் படலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். உங்களுக்கு அழுகை வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது, அதை நிறுத்த வழி கண்டுபிடிக்கவில்லை.

வீட்டில் மிஞ்சிய சட்டியையும் தரையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு, 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வெளிற்றுத் திரவம் (பிளீச்) கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி கழுவுங்கள். பாவோக் கிருமி சாதாரணச் சவர்க்காரத்துக்குச் சாகாது, மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பாவோ வந்த நாய் இருந்த வளவென்றால் தடுப்பூசி முடியாத குட்டிகளை ஓர் ஆண்டுக்கு எடுக்காதீர்கள், வளர்ந்த, ஊசி போட்ட நாயை எடுக்கலாம். மேசைச் சீலையைத் தோய்த்து வெயிலில் போடுங்கள். மேசையை அதே மூலையில் விட்டுவிடுங்கள்.